மூலையில் கிடக்கும் கழிப்பறையை நடவு வயலுக்குக் கொண்டு வாருங்கள்

குடவாசல் வட்டாரத்தில் சம்பாவுக்கு நாற்று விடும் நேரம் இது. விதை, உரம், உழவு வாடகை, நாற்றுப் பறிப்புக் கூலி, நடவுக் கூலி என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் இல்லாத ஒன்றைப் பற்றி இந்த வாரம் கேட்கிறோம். உங்கள் வயலில் நடவுக்கு இறங்கும் பெண்கள் எங்கே ஒதுங்குகிறார்கள்?

பதில் உங்களுக்கே தெரியும். முன்பு வாய்க்கால் கரையில் தாழம்புதர் இருந்தது, கருவைக்காடு இருந்தது. இன்று பல இடங்களில் கரையைச் சுத்தம் செய்து தார்ச்சாலை போட்டுவிட்டோம். இரு சக்கர வாகனங்கள் ஓயாமல் போகின்றன. டெல்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல் மட்டம்தான். மறைவு என்று சொல்ல மேடு பள்ளம்கூடக் கிடையாது. ஆகவே காலையில் வயலில் இறங்கும் பெண்கள் கரையேறும் வரை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் குனிந்து நிற்கும் உடம்புக்குத் தண்ணீர் இல்லை. வந்த சிறுநீரையும் அடக்க வேண்டும். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. மாதவிலக்கு நாளில் சேற்றில் நிற்கும் பெண்ணின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஐந்தாண்டு கழித்து 2019 அக்டோபர் 2 அன்று, நாட்டின் கிராமங்கள் திறந்தவெளியில் மலம் கழிக்காதவை ஆகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. எண்ணியது வீடுகளை. வேலைக்குப் போகும் வயலை யாரும் எண்ணவில்லை. வீட்டில் கழிப்பறை இருந்தும், வீடு மூன்று கிலோமீட்டரில் இருந்தால் நடவு நேரத்தில் அது இல்லாததற்குச் சமம்தான்.

2025 வரை நடைமுறையில் இருந்த, தொழிற்சாலைக்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டமும், தேயிலை, காபித் தோட்டங்களுக்கான 1951-ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை கட்டாயம் என்றன. நெல் வயல் இந்த இரண்டுக்கும் வெளியே நின்றது. அமெரிக்காவில் 1987-இல் வயல்வேலைக்கென்றே ஒரு விதி வந்தது. பதினோரு பேரோ அதற்கு மேலோ கைவேலை செய்யும் வயலில், இருபது பேருக்கு ஒன்று வீதம் கழிப்பறையும் கை கழுவும் இடமும் இருக்க வேண்டும். அது கால் மைல் நடைக்குள், அதாவது ஏறத்தாழ 400 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த ஊர்ப் பண்ணைகளில் சக்கரம் வைத்த கழிப்பறை வண்டி வயலோரம் நிற்பதை இன்று படங்களில் பார்க்கலாம். நமக்கு அந்த விதி இல்லைதான். அந்த அளவுகோலை நாமே வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை.

புதிதாக வாங்கச் சொல்லவில்லை. சுற்றிப் பாருங்கள். திருவிழாவுக்கும் மாநாட்டுக்கும் வாங்கிய நடமாடும் கழிப்பறைகள், நகரங்களில் வைத்த 'நம்ம டாய்லெட்' வகை ஃபைபர் அறைகள், பந்தல்காரர்கள் வாடகைக்கு விட்டுக் கைவிட்ட பிளாஸ்டிக் கூண்டுகள் என்று பல இடங்களில் மூலையில் சாய்ந்து கிடக்கின்றன. 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் எத்தனை தற்காலிகக் கழிப்பறைகள் நின்றன என்பது அங்கே போய் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கூட்டம் கலைந்த பிறகு இப்படிப்பட்டவை பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் கெடுகின்றன. கதவு உடைவதும் தொட்டி ஓட்டையாவதும் பிறகு நடப்பது. முதலில் நடப்பது, அதைக் கழுவுவது யார் வேலை என்று தெரியாமல் போவது.

ஊராட்சியின் பொருளாக இருந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுப்புங்கள்: பழுதுபட்ட நடமாடும் கழிப்பறையைச் சீர்செய்து, நடவு, அறுவடைக் காலத்தில் வயலோரம் நிறுத்த, ஊராட்சியே வைத்துக்கொள்ள வேண்டும் அல்லது மகளிர் குழுவிடமோ உழவர் உற்பத்தியாளர் குழுவிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானமாக எழுதி வாங்குங்கள். தனியாரிடம் வாங்குவதென்றால் விலை பேசும் முன் அடியில் குனிந்து இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மேலே உள்ளதையெல்லாம் ஒட்டலாம். சட்டம் துருவேறி உதிர்ந்தால் வண்டி வேண்டாம்.

இனி வேலை. முதல் வேலை தொட்டியைக் காலி செய்வது. இதில் மட்டும் துளியும் சமரசம் கூடாது. பழைய தொட்டியில் கழிவு இறுகிக் கிடக்கும். மூடியைத் திறந்து ஒரு பகல் முழுதும் காற்றாட விடுங்கள். தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவையுங்கள். பிறகு கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம். எவரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, தலையைக்கூட உள்ளே விடக் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர்கள் செத்திருக்கிறார்கள்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் தொட்டியில் ஆளை இறக்குவது முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டம் இருக்கட்டும், ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். கழிப்பறை என்றாலே 'அந்தத் தெருவிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிடு' என்று வாய் தானாகச் சொல்லும். இந்த வேலைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். உறிஞ்சுவது இயந்திரத்தின் வேலை. கழுவுவது வண்டியை வைத்துக்கொள்பவரின் வேலை. மாட்டுத் தொழுவத்தைக் கழுவும் கை இதையும் கழுவும்.

காலியான பின் கையுறை, கம்பூட்ஸ், முகக்கவசம் போட்டுக்கொண்டு, பம்புசெட் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி வெளியிலிருந்தபடியே கழுவுங்கள். அந்தக் கழுவு நீரையும் லாரியே எடுத்துப் போகட்டும், வாய்க்காலில் விடாதீர்கள். நீண்ட கம்பில் கட்டிய பிரஷ்ஷும் சோப்புத்தூளும் போதும். பீங்கானிலும் குழாயிலும் மஞ்சளாகக் கல் போலப் படிந்திருப்பது சிறுநீர் உப்பு. அதைச் சுரண்டினால் பரப்பு கீறி, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் படியும். லெமன் சால்ட் எனப்படும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் வீதம் கரைத்து, பழைய துணியை நனைத்து அதன்மேல் இரவு முழுதும் போட்டு வையுங்கள். காலையில் பெரும்பாலும் கையோடு வரும். வராவிட்டால் இன்னொரு இரவு.

அமிலத்தை நன்றாக அலசிவிட்டு, மறுநாள்தான் பிளீச்சிங் பவுடர். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கூண்டுக்குள் அது நெஞ்சை அடைக்கும். கடையில் விற்கும் கழிப்பறை ஆசிட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங்கைக் கொட்டினாலும் கண்ணெரியும் வாயு வரும், ஆகவே முதலில் தண்ணீர். அளவு: 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம். அரை மணி நேரம் ஈரமாக இருக்கட்டும், பிறகு அலசுங்கள். போன வருஷம் பிரித்து வைத்த பொட்டலம் வேண்டாம், வீரியம் போயிருக்கும். சில வண்டிகளின் தொட்டியில் கழிவைச் செரிக்கும் கிருமி விட்டிருப்பார்கள். அந்தக் கிருமியைத் தக்கவைத்துக்கொள்ள நினைத்தால் தொட்டிக்குள் பிளீச்சிங்கோ ஆசிட்டோ போகக் கூடாது. கிருமி விட்டால் தொட்டி நிரம்பவே நிரம்பாது என்று எவராவது விற்க வந்தால் கேட்டுவிட்டு அனுப்பிவிடுங்கள்.

பழுது பார்ப்பதில் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். கூண்டும் தொட்டியும் இரண்டு வகைப் பொருளில் வருகின்றன. ஒன்று ஃபைபர், மற்றது வீட்டு மாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டி போன்ற பாலிஎத்திலீன். ஃபைபரைத் தட்டினால் கணீரென்று கட்டியான சத்தம் வரும். உடைந்த விளிம்பில் கண்ணாடி நார் தெரியும். பாலிஎத்திலீனை அழுத்தினால் வளையும். ஒரு சீவல் சீவித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஃபைபர் பசை பாலிஎத்திலீனில் ஒட்டவே ஒட்டாது. இது தெரியாமல் பசை வாங்கிப் பூசிவிட்டு, ஒரு வாரத்தில் தோலாக உரிந்து வருவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்கள் உண்டு. பாலிஎத்திலீன் விரிசலுக்கு அதே பிளாஸ்டிக் குச்சியை வைத்துச் சூட்டால் உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஒட்டுபவர்கள் இதைச் செய்வார்கள்.

ஃபைபர் என்றால் நமக்கு அதிர்ஷ்டம். கிழக்கே நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகு ஒட்டும் கைகள் உண்டு. அலையில் அடிபட்ட படகை ஒட்டுகிறவருக்கு இந்தத் தொட்டி விளையாட்டு. நீங்களே செய்வதானால், விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போடுங்கள். அப்போதுதான் அது மேலே ஓடாது. சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, கண்ணாடி நார்ப் பாயை ரெசினில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ரெசினோடு ஆக்சலரேட்டர், ஹார்டனர் என்று இரண்டு தனித்தனியாகத் தருவார்கள். முதலில் ஒன்றை ரெசினில் கலக்கி, பிறகுதான் மற்றதைக் கலக்க வேண்டும். அவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும். தேய்க்கும்போது பறக்கும் தூள் கண்ணாடித் தூள், முகக்கவசம் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஈரத்தில் ரெசின் சரியாக இறுகாது. ஐப்பசி அடைமழைக்கு முன், வெயில் அடிக்கும் ஒரு நாளில் முடித்துவிடுங்கள்.

ஒட்டிய பின் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நல்ல தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் வயலுக்குப் போகலாம்.

உட்காரும் பீங்கான் விஷயத்தில் பழைய வண்டிகள் பலவற்றில் நாற்காலி வகை இருக்கும். நடவுப் பெண்கள் அதில் உட்கார மாட்டார்கள், அதை அவர்கள்மேல் குறையாகவும் சொல்லக் கூடாது. சேற்றுக் காலோடு ஏறிக் குந்துவதும் ஆபத்து. கழற்றிவிட்டு, கிராமப்புறக் கழிப்பறைகளுக்கென்று செங்குத்துச் சரிவாகச் செய்யும் குந்தும் பீங்கானைப் பொருத்துங்கள். அதன் நீரடைப்பு 20 மில்லிமீட்டர்தான், ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரில் கழிவு போய்விடும். சாதாரண வீட்டுப் பீங்கானுக்கு இதைவிட அதிகத் தண்ணீர் வேண்டும், தொட்டி சீக்கிரம் நிரம்பும். ஒரு கணக்கு: பதினைந்து பேர், ஆளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் எல்லாம் சேர்த்து மூன்று லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 90 லிட்டர். 400 லிட்டர் தொட்டி நான்கே நாளில் விளிம்பைத் தொடும். லாரிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காற்றுப்போக்கி 4 அங்குல பி.வி.சி. குழாயாக, கூரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்து நிற்க வேண்டும். நுனியில் எவர்சில்வர் வலை. பழைய இரும்பு வலை துருவேறிக் காணாமல் போயிருக்கும். மலிவான பொருள், மறக்காதீர்கள். நீரடைப்பு இல்லாமல் பீங்கான் நேரே தொட்டியில் திறக்கும் வகை என்றால் இந்த வலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1970-களில் ஜிம்பாப்வேயில் கண்ட உத்தி இது: கூண்டுக்குள் இருட்டாக இருந்தால், தொட்டியில் பிறந்த ஈ வெளிச்சம் தெரியும் குழாய் வழியே மேலே ஏறி, வலையில் முட்டி அங்கேயே சாகும்.

கதவின் கீலையும் உள்தாழ்ப்பாளையும் புதிதாகப் போடுங்கள். இரண்டு தாழ்ப்பாள், மேலும் கீழும். தாழ்ப்பாள் ஆடும் கழிப்பறைக்குள் எந்தப் பெண்ணும் போக மாட்டாள், நீங்கள் தொட்டிக்கு எத்தனை அடுக்கு ஃபைபர் ஒட்டியிருந்தாலும் சரி. கதவு சாலையையும் வேலை நடக்கும் பக்கத்தையும் பார்க்கக் கூடாது. உள்ளே ஒரு ஆணி, துணி மாட்ட. மூடி போட்ட ஒரு வாளி, நாப்கினுக்கு. அது தொட்டியில் விழுந்தால் லாரியின் குழாய் அடைத்துக்கொள்ளும். வெளியே குழாய் வைத்த 200 லிட்டர் டிரம், வலைப்பையில் கட்டித் தொங்கும் சோப்பு.

எங்கே நிறுத்துவது என்பதில் நம் மண்ணின் குணம் தெரிய வேண்டும். களிமண் சாலை மழையில் சக்கரத்தை விழுங்கிவிடும். பம்புசெட் கொட்டகை, களம், தார்ச்சாலை ஓரம் என்று கெட்டியான இடமாக, வாய்க்காலிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு குழி தோண்டி அதில் விட்டால் என்ன என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே நான்கடி தோண்டினால் நீர் ஊறி நிற்கிறது. குழிக்குப் போவது வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகும். வயலில் கொட்டினால் உரம்தானே என்று சொல்பவரும் உண்டு. நாக்குப்பூச்சி முட்டை பிளீச்சிங்குக்கே சாகாது. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அடுத்த நடவில் அதே சேற்றில் வெறுங்காலோடு, வெறுங்கையோடு நிற்கப் போவது அதே பெண்கள். நீலநிற ரசாயனத் திரவம் ஊற்றிப் பயன்படுத்திய தொட்டியென்றால் இன்னும் மோசம். எதுவானாலும் லாரி, அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம். இந்தக் காவிரிக் கரையிலேயே வேறு வழி தேடியவர்களும் உண்டு. முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன், சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் கழிப்பறைகளைப் பரப்பினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊர்களுக்கு அது பொருத்தமான யோசனை. நிரந்தரமாகக் களத்தில் ஒன்று கட்டப் போகிறவர்கள் போய்ப் பார்த்து வரலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. விதை நேர்த்திக்குச் செயல்விளக்கம் வைக்கிறீர்கள். அதே கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். நடவுக்குப் போகும் பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து, வண்டி எங்கே நிற்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு வந்து கொட்டகைகளில் தங்கும் ஆண்களும் இதே ஊரில்தான் ஒதுங்குகிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கழுவும் முறையை நடவு தொடங்கும் முன்பே எழுதி வண்டியின் உள்கதவில் ஒட்டிவிடுங்கள். யாருடைய வயலில் அன்று வேலையோ, அந்த நிலத்துக்காரர் மாலையில் கழுவி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது தொட்டி பாதிக்கு மேல் இருந்தால் நகர்த்தக் கூடாது. வரப்புச் சாலைக் குலுக்கலில் ததும்பி வழியும், டிரெய்லரும் சாயும். லாரி வந்து உறிஞ்சிய பிறகு இழுங்கள்.

நடவும் களையெடுப்பும் முடிந்தால் வண்டிக்கு வேலை முடிந்துவிடவில்லை. தை, மாசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் காத்துக் கிடப்பது நீங்கள்தான். அங்கே கொண்டு போய் நிறுத்துங்கள். கொள்முதலும் முடிந்த பிறகு தொட்டியைக் காலி செய்து, அலசி, மூடியைத் திறந்து வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். காற்றுப்போக்கி நுனியில் எலி நுழையாதபடி வலை சரியாக இருக்கிறதா பாருங்கள். வெயிலில் விட்டால் ஃபைபரும் பிளாஸ்டிக்கும் வெளுத்து நொறுங்கும், ஆகவே கொட்டகை நிழலில், சக்கரம் தரையில் படாதபடி செங்கல் மேல் தூக்கி நிறுத்தி வையுங்கள். குறுவை நடவுக்கு இழுக்கும்போது டயரில் காற்று இருக்கும்.